‘தொங்கும் மனிதன்’ சீட்டைத் தியாகம் என்று மட்டும் வாசிக்கலாமா?

நிலாமதி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். டாரட் சீட்டுகளை அவற்றின் ஓவியங்களுக்காகவும், ஓவியங்களுக்குப் பின்னால் இருக்கும் சிந்தனைக்காகவும் பயின்று வருகிறேன். என்னிடம் இருப்பது பெரும்பாலானோரிடம் இருக்கும் ரைடர்–வெயிட் சீட்டுக்கட்டுதான். அதன் பன்னிரண்டாம் சீட்டான ‘தொங்கும் மனிதன்’ பற்றி எங்கள் வாசிப்புக் குழுவில் எழுந்த கருத்து வேறுபாட்டை இங்கே வைக்கிறேன்.

குழுவில் உள்ள பெண் ஒருவர், நோயுற்றிருக்கும் தந்தையைக் கவனித்துக்கொள்வதற்காகத் தன் வேலையை விட்டுவிடலாமா என்ற கேள்வியை மனத்தில் கொண்டு மூன்று சீட்டுகளை எடுத்தார். இடப்பக்கம் ‘பத்துக் கோல்கள்’, நடுவில் ‘தொங்கும் மனிதன்’, வலப்பக்கம் ‘நான்கு வாள்கள்’ வந்தன. நடுச்சீட்டைப் பார்த்ததுமே குழுவின் மூத்தவர், “இது தியாகத்தின் சீட்டு, உங்களை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டிய வேளை வந்துவிட்டது” என்றார். மற்றொருவர், “அப்படியல்ல, பொறுத்திருங்கள் என்பதே இதன் பொருள்” என்றார். கேள்வி கேட்டவருக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள். வேலையை விடுவது பற்றி அந்த வீட்டில் அவர்களிடம் எவரும் பேசியதாகத் தெரியவில்லை. அப்படியிருக்க, ‘தியாகம்’ என்ற சொல்லை ஒரு பெண்ணின் முன்னால் இவ்வளவு எளிதாக வைத்துவிட நமக்கு இந்த ஓவியம் இடம் தருகிறதா என்ற ஐயம் எனக்கு எழுந்தது.

ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் ஒருவன் வலியில் துடிக்காமல் அமைதியாக இருப்பது ஏன்? அவன் தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருப்பது ஏன்? நண்பர் ஒருவர் காட்டிய பழைய இத்தாலியச் சீட்டின் அச்சுப்படியில் இதே மனிதன் இதே நிலையில் இருக்கிறான், ஆனால் ஒளிவட்டம் இல்லை. அப்படியானால் இந்தச் சீட்டு முதலில் எதைக் குறித்தது, இன்றைய பொருள் எங்கிருந்து வந்தது, வாசிக்கும்போது இரண்டில் எதைக் கொள்வது? விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பழஞ்சுவடி:

வணக்கம், நிலாமதி. இந்தச் சீட்டின் தொடக்ககாலப் பொருள் பெரும்பாலான கையேடுகளில் கிடைப்பதில்லை என்பதால் அதை முதலில் எழுதுகிறேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த மனிதனை நாம் முன்பு பார்த்தது போல் பார்க்க இயலாது.

டாரட் என்பது 15-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில் தோன்றிய சீட்டாட்டம். நான்கு இனங்களைச் சேர்ந்த 56 சீட்டுகளுடன், அவற்றை வெல்லும் 22 படச்சீட்டுகளைச் சேர்த்து ஆடினார்கள். அதைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் 1440-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. எதிர்காலம் அறிவதற்கான கருவியாக அது பரவியது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். ஆகவே முதன்முதலில் இந்த ஓவியத்தைக் கையில் பிடித்தவர்கள் அதில் மறைபொருள் எதையும் தேடவில்லை. தங்கள் ஊர்ச் சுவர்களில் பார்த்துப் பழகிய ஒரு படத்தையே அவர்கள் அதில் கண்டார்கள்.

அந்தச் சுவர்ப்படம் எது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. அக்கால இத்தாலிய நகரங்களில் துரோகிகளையும், கடனை ஏமாற்றித் தப்பியோடியவர்களையும், கையில் சிக்காத எதிரிகளையும் தண்டிப்பதற்கு ‘இழிவோவியம்’ என்றே சொல்லத்தக்க ஒரு முறை நடைமுறையில் இருந்தது. குற்றவாளியின் உருவத்தை, அவன் அடையாளம் தெரியும்படி, பெரும்பாலும் ஒரு காலில் தலைகீழாகத் தொங்குவது போல, அரசு மாளிகையின் வெளிச்சுவரில் வரையச் சொல்வார்கள். உடலைப் பிடிக்க முடியாதபோது பெயரைத் தூக்கிலிடுவதே இதன் நோக்கம். குடும்ப மானத்தை உயிருக்கு மேலாக எண்ணிய ஒரு சமூகத்தில் இது விளையாட்டான தண்டனை அன்று. புகழ்பெற்ற ஓவியர்களுக்கும் இந்த வேலை தரப்பட்டது. ஃப்ளாரன்ஸ் நகரில் 1440-இல் கிளர்ச்சியாளர்களை இப்படி வரைந்ததனால் ஆந்த்ரேயா தெல் கஸ்தாஞோ என்ற ஓவியருக்குத் ‘தூக்கிலிட்டவர்களின் ஆந்த்ரேயா’ என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. 1478-இல் ஃப்ளாரன்ஸை ஆட்டிவைத்த மெதிச்சி குடும்பத்துக்கு எதிராகச் சதி செய்த பாட்ஸி கூட்டத்தாரைப் பொத்திச்செல்லி வரைந்தார். சுவர்களில் இருந்தவை அழிந்துவிட்டன. ஆனால் 1529–30-இல் அந்நகர் முற்றுகையிடப்பட்ட காலத்தில் இத்தகைய படங்களுக்காக ஆந்த்ரேயா தெல் சார்த்தோ வரைந்து பார்த்த முன்வரைவுகள் சில ஃப்ளாரன்ஸின் உஃபீட்ஸி காட்சியகத்தில் இன்றும் உள்ளன. ஒரு காலில் தொங்கும் அந்த மனிதர்களைப் பார்த்தால், சீட்டிலிருந்து இறங்கி வந்தவர்களோ என்று தோன்றும்.

சீட்டின் பழைய பெயர்களும் இதையே உறுதிப்படுத்துகின்றன. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ஒரு லத்தீன் சமய உரை, சூதாட்டத்தைக் கண்டிக்கும்போது படச்சீட்டுகளை வரிசையாகப் பட்டியலிட்டு, பன்னிரண்டாம் இடத்தில் ‘தூக்கிலிடப்பட்டவன்’ என்று குறிக்கிறது. வேறு பழைய பட்டியல்கள் நேரடியாகவே ‘துரோகி’ என்கின்றன. பாரிஸ் தேசிய நூலகத்தில் ‘ஆறாம் சார்ல்ஸ்’ என்ற தவறான பெயரில் அறியப்படும் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சீட்டுகளில் இந்த மனிதன் இரு கைகளிலும் பணப்பைகளைப் பிடித்தபடி தொங்குகிறான். கிறித்துவ ஐரோப்பாவில் பணப்பையோடு தொங்கும் துரோகி என்றால் முப்பது வெள்ளிக்காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் நினைவு வராமல் இருந்திருக்காது.

இனி, உங்கள் நண்பர் காட்டிய அச்சுப்படி. அது பெரும்பாலும் விஸ்கோந்தி–ஸ்ஃபோர்ட்ஸா கட்டாக இருக்கும். பொன் தாள் பதித்த பின்னணியில் இளைஞன் ஒருவன் கைகளைப் பின்னால் வைத்துத் தொங்குவான். மிலான் ஆட்சியாளர் ஃப்ரான்செஸ்கோ ஸ்ஃபோர்ட்ஸாவின் குடும்பத்துக்காக 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தீட்டப்பட்டது அது. 74 சீட்டுகள் எஞ்சியுள்ளன. அவை நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும், பெர்காமோவின் கர்ராரா காட்சியகத்திலும், ஒரு குடும்பத்தின் தனிச் சேகரிப்பிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. இந்தக் கட்டைப் பற்றிய ஒரு செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். ஃப்ரான்செஸ்கோவின் தந்தை முத்சியோ அத்தெந்தோலோ ஸ்ஃபோர்ட்ஸா கூலிப்படைத் தலைவர். அவர் அணி மாறியதனால் சினமுற்ற எதிர்ப்போப் (போட்டிப் போப்பாகப் பதவி கோரியவர்) இருபத்து மூன்றாம் ஜான், 1412-இல் ரோம் நகரின் பாலங்களிலும் வாயில்களிலும் அவரை ஒரு காலில் தலைகீழாகத் தொங்குபவராக வரையச் செய்தார். கொத்தின்யோலா ஊர்க் குடியானவனான தான் திருச்சபைக்குப் பன்னிரண்டு துரோகங்கள் செய்ததாக அவரே சொல்வது போன்ற வாசகமும் அதில் எழுதப்பட்டிருந்தது. அந்தத் தந்தையின் மகன் மிலானின் கோமகன் ஆகி, தன் அரண்மனையில் ஆடும் சீட்டுக்கட்டில் அதே உருவத்தைப் பொன்னில் பதித்து வைத்திருந்தான். சீட்டின் பன்னிரண்டாம் எண்ணுக்கும் பன்னிரண்டு துரோகங்களுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல மாட்டேன். அக்கட்டின் சீட்டுகளில் எண்களே இல்லை. ஆனால் அந்த வீட்டில் இந்தச் சீட்டு மேசையில் விழுந்தபோதெல்லாம் அது வெறும் ஆட்டச்சீட்டாக மட்டும் இருந்திருக்க முடியாது.

ஆக, தொடக்கத்தில் இது தியாகியின் படமும் அன்று, தவசியின் படமும் அன்று. தண்டிக்கப்படுபவனின் படம். அவன் தானாக முன்வந்து தொங்கவில்லை, மற்றவர்கள் அவனைத் தொங்கவிட்டார்கள்.


தூரிகை:

பழஞ்சுவடி ஐயா எழுதியது அனைத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நிலாமதியின் கையில் இருப்பது மிலான் கட்டு அன்று. 1909 டிசம்பரில் லண்டனில் வில்லியம் ரைடர் நிறுவனம் வெளியிட்ட, ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட்டு பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டு. துரோகியை வேறொருவனாக மாற்றிய கைகள் ஸ்மித்துடையவை. அவர் எதை மாற்றினார் என்பதை ஓவியத்தில் இருந்தே பார்ப்போம்.

முதலில் மரத்தைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில், பிரான்சின் மார்சேய் நகரின் பெயரால் அறியப்படும் வகைச் சீட்டுகளில் அவன் கிளைகள் வெட்டப்பட்ட இரண்டு அடிமரங்களுக்கு இடையே குறுக்குக் கட்டையில் தொங்குவான். வெட்டுண்ட கிளைகளின் அடிகள் பக்கத்துக்கு ஆறாகத் துருத்திக்கொண்டிருக்கும். அது உயிரற்ற மரம், அதாவது தூக்குமரம். ஸ்மித் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு ‘டி’ வடிவத்தில் ஒற்றை மரத்தை நட்டு, அதில் இலைகளைத் துளிர்க்க விட்டார். வெயிட் தன் விளக்க நூலில் இதை வெளிப்படையாகவே சொல்கிறார். அது உயிருள்ள மரம் என்றும், அந்த முகத்தில் தெரிவது துன்பம் அன்று, ஆழ்ந்த ஒன்றிய நிலை என்றும், முழு உருவமும் குறிப்பது நிறுத்திவைக்கப்பட்ட வாழ்வே தவிரச் சாவு அன்று என்றும் எழுதுகிறார். நிலாமதி கேட்ட ‘அமைதி ஏன்’ என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை. வரைவித்தவர் அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினார்.

அடுத்து உடல். சிவப்புக் காற்சட்டை, நீல மேலாடை, மஞ்சள் காலணி. தலையைச் சுற்றிக் கதிர்விடும் மஞ்சள் ஒளிவட்டம். பின்னணியில் மலை இல்லை, ஊர் இல்லை, வேடிக்கை பார்க்கும் கூட்டமும் இல்லை. இது மிக முக்கியமான மாற்றம் என்று நான் கருதுகிறேன். இழிவோவியம் என்பது பார்ப்பவர்களுக்காகவே வரையப்பட்டது. பார்க்க ஊர் இல்லாவிட்டால் இழிவும் இல்லை. சாம்பல் நிற வெறுமையில் தனியாகத் தொங்கும் இவனை எவரும் பழிக்கவில்லை. மேலே ஒரு கணுக்காலில் மட்டுமே கயிறு தெரிகிறது. கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன, கட்டப்பட்டுள்ளனவா என்று ஓவியம் சொல்வதில்லை.

கால்களும் கைகளும் சேர்ந்து அமைக்கும் வடிவத்தையும் கவனியுங்கள். மடக்கிய கால் மற்றொன்றைக் கடந்து சிலுவை போல் நிற்கிறது. மடங்கிய கைகளும் தலையும் கீழ்நோக்கிய முக்கோணமாகின்றன. சீட்டைத் தலைகீழாகத் திருப்பினால் முக்கோணம் மேலேயும் சிலுவை கீழேயும் வந்து, ரசவாதிகள் கந்தகத்துக்குப் பயன்படுத்திய குறியாகிவிடும். வெயிட்டும் ஸ்மித்தும் 1888-இல் லண்டனில் தொடங்கப்பட்ட ‘பொன் விடியல்’ என்னும் மறைஞானச் சங்கத்தில் சேர்ந்து பயின்றவர்கள் என்பதால், இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அச்சங்கத்தார் இந்தச் சீட்டை எபிரேய எழுத்தான ‘மேம்’ என்பதோடும் நீர் என்னும் பூதத்தோடும் இணைத்தார்கள். மூழ்குதல், அசைவற்றிருத்தல், மேலுள்ளது கீழே பிரதிபலித்தல் ஆகிய கருத்துகள் அந்த வழியாக வந்தவை.

இருபத்தொன்றாம் சீட்டான ‘உலக’த்தையும் அருகில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கே மாலைக்குள் ஆடும் பெண்ணின் கால்கள் இதே போல் மடங்கியிருக்கும், ஆனால் அவள் நிமிர்ந்து நிற்கிறாள். மார்சேய் கட்டிலும் இந்த ஒப்புமை உண்டு. பன்னிரண்டில் கட்டுண்டிருக்கும் உடல் இருபத்தொன்றில் விடுபட்டு ஆடுகிறது என்று வாசிப்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த வாசிப்பு மிகப் பிடித்தமானது.


கார்த்திகை:

சுருக்கமாக ஒன்றைக் கேட்கிறேன். பல இணையப் பக்கங்களில் இந்தச் சீட்டு பழைய வட ஐரோப்பியரின் (நார்ஸ்) கடவுளான ஓடினைக் குறிக்கிறது என்று படித்திருக்கிறேன். உலக மரத்தில் ஒன்பது இரவுகள் தொங்கி ரூன் என்னும் அவர்களின் பழைய எழுத்துகளின் அறிவைப் பெற்றார் என்பது கதை. தலைகீழாகச் சிலுவையில் அறையும்படி கேட்டுக்கொண்ட புனித பேதுருவையும் சிலர் குறிப்பிடுகிறார்கள். இவை இரண்டும் தாமாக ஏற்ற துன்பங்கள். அப்படியானால் ‘விரும்பி ஏற்றல்’ என்ற பொருள் தொடக்கத்திலேயே இருந்தது என்று ஆகாதா?


பழஞ்சுவடி:

நல்ல கேள்வி, கார்த்திகை, ஆனால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. ஓடின் தொங்கியதைச் சொல்லும் ‘ஹாவமால்’ என்ற பாடல் ஐஸ்லாந்தில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சுவடியில் இருக்கிறது. அந்தச் சுவடி 1643-இல்தான் ஐஸ்லாந்தின் ஆயர் (பிஷப்) ஒருவர் கைக்கு வந்து வெளியுலகுக்குத் தெரியவந்தது. மிலானில் சீட்டு தீட்டியவர் அதை அறிந்திருக்க வழியில்லை. மேலும் அந்தப் பாடலில் ஓடின் தலைகீழாகத் தொங்கியதாகச் சொல்லப்படவில்லை. காற்றடிக்கும் மரத்தில், ஈட்டியால் காயமுற்று, தன்னைத் தனக்கே அளித்துத் தொங்கினார் என்றும், கீழே நோக்கி ரூன்களை எடுத்தார் என்றும்தான் இருக்கிறது.

பேதுருவை அக்கால இத்தாலியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஓவியங்களில் அவர் சிலுவையில் அறையப்பட்ட முதியவர். இந்தச் சீட்டில் சிலுவையும் இல்லை, ஆணியும் இல்லை, தாடியும் இல்லை. ஒரு காலும் ஒரு கயிறும் மட்டுமே இருக்கின்றன.

‘விரும்பி ஏற்றல்’ எப்போது வந்தது என்பதற்கு வேறொரு பாதை உண்டு. 1781-இல் பாரிஸில் கூர் த ஜெபெலின் என்ற அறிஞர் தன் பெருநூலின் எட்டாம் தொகுதியில், டாரட் என்பது பழைய எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷம்போலியோன் 1822-இல்தான் வாசித்தார் என்பதை நினைவில் கொண்டால், இந்தக் கூற்றுக்கு என்ன ஆதாரம் இருந்திருக்கும் என்பது விளங்கும். நற்பண்புகள் நான்கில் வலிமை, நீதி, நிதானம் ஆகிய மூன்றும் சீட்டில் இருக்க, விவேகம் மட்டும் ஏன் இல்லை என்று அவர் கேட்டார். அறியாத சீட்டுத் தொழிலாளி ஒருவன் விவேகத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டான் என்றும், ஒரு காலை ஊன்றி மறுகாலை எங்கே வைப்பது என்று எண்ணி நிற்பவனே முதல் உருவம் என்றும் விடை கூறினார். வரலாறாக இது பிழையே. ஆனால் தண்டனையைப் படத்திலிருந்து பிரித்தெடுத்து, அங்கே சிந்தனையை வைத்தவர் அவர். பின்னர் பிரெஞ்சு மறைஞானி எலிஃபாஸ் லெவி 1850-களில் அதை ரசவாதத்தின் பெரும்பணியோடு (இழிந்த உலோகத்தைப் பொன்னாக்கும் முயற்சியோடு) இணைத்தார். சுவிஸ் மறைஞானி ஆஸ்வால்ட் வீர்த் 1889-இல் வரைந்த கட்டில் பணப்பைகள் மீண்டும் வருகின்றன, ஆனால் இம்முறை அவற்றிலிருந்து காசுகள் கீழே சிந்துகின்றன. யூதாஸின் கூலி, பிறருக்கு வாரி வழங்கும் செல்வமாகிவிட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் நடந்த இந்த மாற்றத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. படங்கள் தம் பொருளை இப்படித்தான் மாற்றிக்கொள்கின்றன. அதை ‘ஆதிப் பொருள்’ என்று சொல்லாமல் இருந்தால் போதும்.


இளவேனில்:

நான் பல ஆண்டுகளாகப் பிறருக்குச் சீட்டு வாசித்து வருபவள். வரலாற்றை நண்பர்கள் மிக நன்றாக எழுதிவிட்டார்கள். நிலாமதி கேட்டதன் மையம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பெண் தன் வாழ்வைப் பற்றிக் கேட்கிறாள், அவளிடம் ‘தியாகம்’ என்ற சொல்லை வைக்க இந்தச் சீட்டு நமக்கு உரிமை தருகிறதா என்பதே கேள்வி. தராது என்பது என் உறுதியான கருத்து.

வெயிட் தன் நூலில் இந்தச் சீட்டுக்குக் கொடுக்கும் பொருள்களின் வரிசையைப் பாருங்கள். அறிவு, முன்னெச்சரிக்கை, பகுத்துணர்தல், சோதனைகள், அதன் பிறகே தியாகம், பின்னர் உள்ளுணர்வு என்று போகிறது. முதல் மூன்றும் நன்றாகப் பார், எண்ணிப் பார் என்கின்றன. அதே நூலில், இதை உயிர்த்தியாகத்தின் சீட்டு என்றும் கடமையின் சீட்டு என்றும் முன்னோர் அழைத்தது தவறு என்று வெளிப்படையாக மறுக்கிறார். ஆக, உங்கள் குழுவின் மூத்தவரைப் போல, தன்னை விட்டுக்கொடுப்பதே கடமை என்று இதை வாசிப்பது, அந்தக் கட்டை உருவாக்கியவரே வேண்டாம் என்று தள்ளிய வாசிப்பு. ஆங்கிலேய மறைஞானி அலீஸ்டர் குரோலி இன்னும் ஒரு படி மேலே போனார். அவருக்காக ஓவியர் ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை தீட்டிய ‘தோத்’ கட்டுக்கான விளக்கத்தில், தியாகம் என்ற கருத்தே அடிப்படையில் தவறானது என்றும், அது கடந்துபோன ஒரு யுகத்தின் எச்சம் என்றும் எழுதினார். குரோலியின் மற்றக் கருத்துகளில் பலவற்றை நான் ஏற்பதில்லை, ஆனால் இந்த இடத்தில் அவர் சொன்னது நம் வீடுகளில் கேட்கப்பட வேண்டிய சொல்.

இப்போது அந்த மூன்று சீட்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். பத்துக் கோல்களில் ஒரு மனிதன் முகம் தெரியாத அளவுக்குச் சுமையைக் கட்டியணைத்து, முதுகு வளைந்து, தொலைவில் உள்ள ஊரை நோக்கி நடக்கிறான். வழியைக் காண முடியாதபடி சுமையே அவன் கண்ணை மறைக்கிறது. நான்கு வாள்களில் வீரன் ஒருவன் கைகூப்பியபடி கல்லறை மேல் சிலையாகக் கிடக்கிறான். வெயிட் அதற்குத் தரும் பொருள் ஒதுங்கியிருத்தலும் ஓய்வும்தான். சுமையில் தொடங்கி ஓய்வில் முடியும் வரிசையின் நடுவே தொங்கும் மனிதன் வருகிறான். இதை ‘இன்னும் சுமை ஏற்றிக்கொள்’ என்று வாசிக்க எந்த ஓவியமும் இடம் தரவில்லை. அந்தப் பெண் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறாள் என்பதை முதல் சீட்டு சொல்கிறது. தொங்குபவனிடம் சுமையே இல்லை, கைகள் வெறுமையாக இருக்கின்றன. அவனால் எதையும் தூக்கவோ, எங்கும் நடக்கவோ, எவருக்கும் எதையும் செய்யவோ இயலாது. சுமப்பவனுக்கு அடுத்த சீட்டாக, சுமக்கவே முடியாதவன் வந்திருக்கிறான். நானாக இருந்தால் அவளிடம், “நீங்கள் இப்போது எதையும் செய்யாமல் இருந்தால் இந்தப் பொறுப்பு எவர் கைக்குப் போகும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டிருப்பேன். அண்ணன்களின் பெயர் அந்த இடத்தில் தானாகவே வந்திருக்கும்.

‘பொறுத்திருக்க வேண்டும்’ என்ற இரண்டாம் கருத்து இதற்கு நெருக்கமானது, ஆனால் அதிலும் ஒரு திருத்தம் தேவை. காத்திருப்பவன் எதையோ எதிர்பார்த்து முன்னால் பார்க்கிறான். இவன் கண்ணுக்கு முன்னால் இருப்பது தலைகீழான உலகம். எல்லோரும் இயல்பு என்று எண்ணுவதைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு அவனுக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் பெண்தான் வேலையை விட வேண்டும் என்பது இயல்பு என்று எண்ணப்படும்போது, அதைப் புரட்டிப் பார்ப்பதைவிட இந்தச் சீட்டுக்குப் பொருத்தமான வேலை வேறென்ன இருக்கிறது?

பழஞ்சுவடி ஐயா சொன்ன பழைய பொருளையும் நான் வாசிப்பில் தள்ளிவிடுவதில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம் கேள்வியில் ஒளிந்திருந்தால், இழிவோவியத்தின் நினைவு அந்தச் சீட்டில் விழித்துக்கொள்ளும். தந்தையைப் பார்த்துக்கொள்ளாத மகள் என்று சுற்றத்தார் சுவரில் எழுதிவிடுவார்களோ என்று அந்தப் பெண் அஞ்சுகிறாளா என்பதைக் கேட்டுப் பாருங்கள். அப்படி அஞ்சினால் அதையும் அவளோடு பேசுங்கள். அந்த அச்சத்துக்குப் பணிந்து எடுக்கும் முடிவுக்குத் தியாகம் என்று பெயர் சூட்டாதீர்கள். தந்தையின் அருகில் இருக்க அவள் உள்ளம் விரும்பினால் அது வேறு, அப்போது எந்தச் சீட்டும் தடை சொல்லாது.

சீட்டின் எண் வரிசையை வைத்துப் பொருள் சொல்பவர்களுக்காக ஒரு குறிப்பு. வெயிட் வலிமையையும் நீதியையும் இடம் மாற்றி, நீதியைப் பதினொன்றாக வைத்தார். எனவே உங்கள் கட்டில் தொங்கும் மனிதன் நீதிக்கும் சாவுக்கும் இடையே நிற்கிறான். தீர்ப்பு சொல்லியாயிற்று, முடிவு இன்னும் வரவில்லை என்ற வாசிப்பு அங்கே அழகாகப் பொருந்தும். மார்சேய் கட்டில் பதினொன்று வலிமை என்பதால் அந்த வாசிப்பு அங்கே செல்லாது.


நிலாமதி:

நான் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கிடைத்திருக்கிறது, அனைவருக்கும் என் நன்றி. ‘சுமப்பவனுக்கு அடுத்து, சுமக்கவே முடியாதவன்’ என்ற இளவேனில் அக்காவின் பார்வையை அடுத்த கூட்டத்தில் அந்தத் தோழியின் முன்னிலையிலேயே வைக்க இருக்கிறேன். மூத்தவரும் வருவார். ஓவியத்தைக் காட்டியே பேசுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

இன்னும் ஒரு ஐயம். இந்தச் சீட்டு தலைகீழாக விழுந்தால் அவன் நிமிர்ந்து நிற்பவனாகத் தெரிகிறான். அப்போது கட்டு அவிழ்ந்துவிட்டது, விடுதலை கிடைத்துவிட்டது என்று வாசிக்கலாமா?


தூரிகை:

அப்படி வாசிப்பவர்கள் உண்டு, ஆனால் ஓவியம் அதற்கு முழுதாக ஒத்துழைப்பதில்லை. சீட்டைத் திருப்பினாலும் கணுக்காலில் கயிறு அப்படியே இருக்கிறது. மரம்தான் இப்போது அவன் காலுக்குக் கீழே போய்விடுகிறது. அவன் நிற்பது போலவும் ஆடுவது போலவும் தெரியும், ஆனால் ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது. வெயிட் தலைகீழ்ச் சீட்டுக்குத் தன்னலம் என்றும், மக்கள் கூட்டம் என்றும் பொருள் தருகிறார். நான் முன்பு எழுதிய சாம்பல் வெறுமையோடு சேர்த்து இதை நினைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது அவன் கூட்டத்தை விட்டு விலகித் தனியே பார்க்கிறான். திருப்பியதும் எல்லோரும் நிற்பது போல் நின்று, எல்லோரும் பார்ப்பது போல் பார்க்கிறான், கயிறு மட்டும் அவிழவில்லை. கட்டுண்டிருப்பதை மறந்து, தான் இயல்பாக நிற்பதாக எண்ணிக்கொள்ளும் நிலை என்றே நான் அதை வாசிப்பேன். உங்கள் தோழியின் கேள்விக்கு அது தலைகீழாக விழுந்திருந்தால், முடிவை அவர் எடுக்கும் முன்பே சுற்றியிருப்பவர்கள் எடுத்துவிட்டார்களா என்று விசாரித்திருப்பேன்.

தலைகீழ்ப் பொருள்களை வாசிக்கும் வழக்கம் உங்கள் குழுவில் இல்லை என்றால் அதைப் புதிதாகத் தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மார்சேய் மரபில் வாசிப்பவர்கள் பலர் எல்லாச் சீட்டுகளையும் நேராக வைத்தே வாசிக்கிறார்கள்.